செடிக்கா, குடத்துக்கா?
கோடைத் தோட்டம் போடுகிறவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்

கோடைக்காலத்தில் வீட்டுத் தோட்டம் போட்டவர்களைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் நிற்பார்கள். கையில் காப்பித் தம்ளர் இருக்கும். கண் மட்டும் புடலங்கொடியின் மேல் இருக்கும். நேற்று விரல் நீளம் இருந்த பிஞ்சு இன்று சாண் நீளம் ஆகிவிட்டதா என்று பார்ப்பார்கள். ஆகியிருந்தால் வீட்டில் தூங்குகிற அத்தனை பேரையும் எழுப்பிவிடுவார்கள். வாடியிருந்தாலோ யாரிடமும் பேசமாட்டார்கள். காப்பி ஆறிப்போவதுதான் மிச்சம்.

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். அயனம்பாக்கத்தில் குடியேறிய மறு வருஷமே, 2018-ல், மாடியில் பைகளை வரிசையாக வைத்துவிட்டேன். பை, செம்மண், தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம், விதை என்று எல்லாமாகச் சேர்த்து 1,850 ரூபாய் ஆயிற்று. முதல் மகசூல் பத்துக் கத்தரிக்காய். என் மனைவி கணக்குப் போட்டுப் பார்த்து, "ஒரு கத்தரிக்காய் 185 ரூபாய். காம்பைக்கூட எறியக் கூடாது" என்றாள். அன்றைக்கு வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இப்படிப்பட்ட சந்தோஷங்களை யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நாலு வெண்டைக்காய் கூடுதலாகக் காய்த்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பூத்த மல்லிகையைப் படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பிவிடுவோம். ஆனால் செடி பட்டுப்போனால்? அதை யாரிடமும் சொல்வதில்லை. இரவோடு இரவாகப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, காலையில் ஒன்றும் நடவாதது போல் இருந்துவிடுகிறோம்.

காயைப் பங்கிட்டுக்கொள்கிறவர்கள் கஷ்டத்தையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முக்கியமாக, தண்ணீர்க் கஷ்டத்தை. அதற்குச் சம்மதமில்லாதவர் கோடையில் தோட்டம் போடாமல் இருப்பதே நல்லது. இதுதான் என் அபிப்பிராயம். இதை எனக்குக் கற்பித்தது எந்தப் புஸ்தகமும் அல்ல. அடுத்த வீட்டு ஆயா.

ஆயா கேட்ட கேள்வி

எங்கள் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. வானகரம்–அம்பத்தூர் சாலையில் போகிறவர்கள் எங்கள் ஊரைக் கவனியாமலே தாண்டிவிடுவார்கள். பலர் அயப்பாக்கம் என்று நினைத்துக்கொண்டு வேறு பக்கம் போய்விடுவதும் உண்டு. ஒரு பக்கம் திருவேற்காடு, மறு பக்கம் அம்பத்தூர் தொழிற்பேட்டை. நடுவே ஒரு பெரிய ஏரி. முன்பு அந்த ஏரித் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. வயல் மனையாயிற்று; மனை வீடாயிற்று. நான் குடியிருக்கும் வீடும் ஒரு காலத்தில் நெல் விளைந்த இடம்தான். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களில் ஒருவர், இப்போது என் அடுத்த வீட்டில் இருக்கும் ஆயா.

2019-ம் ஆண்டுக் கோடையைச் சென்னைவாசிகள் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் அநேகமாக வறண்டு, வெடித்த தரை தெரிந்தது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. ஐம்பது வாகன்கள், 25 லட்சம் லிட்டர். தண்ணீர் ரயிலைப் பார்க்கக் கூட்டம் கூடியது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் கிணறுகள் வற்றின. ஆழம் குறைந்த போர்களில் காற்றுதான் வந்தது. என் வீட்டுப் போர் மட்டும் கொஞ்சம் ஆழம். மோட்டார் போட்டால் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பெருமைதான். அக்கினி நட்சத்திர வெயிலில் செடி வாடுகிறதே என்று ஒரு நாள் மாலை ரப்பர் குழாயை எடுத்துச் சாவகாசமாகத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். பையில் நிரம்பி வழிந்த தண்ணீர், மாடிக் குழாய் வழியே இறங்கித் தெருவில் ஓடியது.

கீழே லாரிக்காக இருபது குடங்கள் வரிசையில் நின்றன. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று பிளாஸ்டிக் குடங்கள். வரிசையின் நடுவில் ஆயா உட்கார்ந்திருந்தார். காலடியில் தண்ணீர் ஓடிவந்ததும் அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, செடி வயிறு நெறைய குடிக்குது போல. நாங்க கொடத்த வெச்சிக்கினு குந்தியிருக்கோம்."

திட்டவில்லை, சத்தம் போடவில்லை. ஆனால் அந்த வார்த்தை சுட்டது.

எனக்குள்ளே நானே வாதாடிப் பார்த்தேன். என் வீட்டுப் போர். என் மோட்டார். மின்சாரக் கட்டணம் நான் கட்டுகிறேன். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? இரவு முழுவதும் யோசித்ததில் விடை கிடைத்தது. பூமிக்கு மேலே இருக்கும் மனைக்குப் பட்டா உண்டு. பூமிக்குக் கீழே இருக்கும் தண்ணீருக்குப் பட்டா கிடையாது. என் போர் ஆழமாக இருப்பதால் அடுத்த வீட்டுக் கிணற்றின் ஊற்று என் பக்கம் இறங்கி வருகிறது. நான் செடிக்கு ஊற்றியது என் தண்ணீர் மட்டுமல்ல. ஆயாவின் குடத்துத் தண்ணீரும்தான்.

மறுநாள் குழாயைச் சுருட்டி வைத்தேன். ஒரு வாரத்தில் பாதிச் செடிகள் காய்ந்தன.

அரிசி கழுவிய தண்ணீர்

காய்ந்த செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்த அன்று ஆயா மறுபடி பார்த்துவிட்டார். "அய்யய்யோ, செடியக் கொல்லச் சொன்னேனா நானு? அரிசி கழுவுற தண்ணி எங்க போவுது தம்பி?" என்று கேட்டார்.

எங்கே போகிறது? சாக்கடைக்குப் போகிறது. எவ்வளவு போகிறது? அது எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அளந்து பார்த்தேன். நாலு பேர் உள்ள எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு, காய், கீரை கழுவிய தண்ணீர் நாளொன்றுக்குப் பன்னிரண்டு லிட்டர் தேறியது. குளிர்சாதன இயந்திரத்தின் குழாயிலிருந்து இரவெல்லாம் சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்தால் அது ஒன்பது, பத்து லிட்டர். கடலோர ஊராகையால் நம் காற்றில் ஈரம் அதிகம். அந்த ஈரம்தான் இப்படித் தண்ணீராக வடிகிறது. குடிக்க உதவாது, ஆனால் உப்பு இல்லாததால் செடிக்கு நல்லது. மொத்தம் இருபத்திரண்டு லிட்டர்.

கோடையில் ஒரு பைச் செடிக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் போதும். அப்படியானால் பதினைந்து பைகளுக்குப் போர்த் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வேண்டாம். இவ்வளவு காலம் இதைச் சாக்கடைக்குக் கொடுத்துவிட்டுப் பூமியை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்!

சில எச்சரிக்கைகளும் உண்டு. குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு அதிகம். அதையே தினமும் ஊற்றினால் இலை நுனி கருகும். உப்பில்லாத தண்ணீரோடு கலந்து எப்போதாவது ஊற்றலாம். இல்லாவிட்டால் வீடு துடைக்க வைத்துக்கொள்ளலாம். சோப்புத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றக் கூடாது. வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

தண்ணீரைச் சேர்ப்பது ஒரு பாதி. சேர்த்ததைக் காப்பது மறு பாதி. பை மண்ணின் மேல் காய்ந்த இலையையோ தேங்காய் நாரையோ இரண்டு அங்குல கனத்துக்குப் பரப்பினால் வெயில் மண்ணைத் தொடாது. ஈரம் நின்று பிடிக்கும். பெரிய தொட்டியாக இருந்தால் நடுவில் ஒரு சிறு மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து, தண்ணீர் ஊற்றி மூடிவிடலாம். கலயம் கசியக் கசிய வேர் குடிக்கும். அதிகாலையில் தண்ணீர் விட வேண்டும். நடுப்பகலில் விட்டால் செடியை விட வெயில்தான் அதிகம் குடிக்கும். மேலே பச்சை வலை கட்டலாம். வலை வாங்க மனமில்லையா? பழைய நூல் புடவை போதும்.

சித்திரையில் விதைத்தால்

கோடைத் தோட்டம் தோற்பதற்கு இன்னொரு காரணம், வெயில் வந்த பிறகு ஆசை வருவதுதான். பள்ளிக்கூடம் மூடி, பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது விதைப் பொட்டலம் வாங்குகிறோம். நாற்று தலைதூக்கும்போது அக்கினி நட்சத்திரம் வந்துவிடுகிறது. இளஞ்செடிக்கு அது கொலைத் தண்டனை. கோடையில் காய் பறிக்க ஆசைப்படுகிறவர் தைப்பட்டத்தில் விதைக்க வேண்டும். விவசாயிகளுக்கு இது தெரியும். மாடித் தோட்டக்காரர்களாகிய நமக்குத்தான் பஞ்சாங்கம் மறந்துவிட்டது.

எதை விதைப்பது என்பதும் முக்கியம். வெண்டை, கொத்தவரை, புடல், பாகல், பீர்க்கு, தண்டுக்கீரை இவையெல்லாம் நம் வெயிலுக்குப் பழகியவை. தக்காளி அப்படியல்ல. பகலில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ உதிர ஆரம்பிக்கும். நம் நகரமோ 2003-ம் ஆண்டு மே 31-ம் தேதி 45 டிகிரியைப் பார்த்த நகரம். மே மாதத்தில் தக்காளி காய்க்கவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமில்லை. செடியின் மேலும் குற்றமில்லை, உங்கள் கையின் ராசியின் மேலும் குற்றமில்லை.

கொடிகளைப் பற்றி ஒரு ரகசியம். முதலில் வருவதெல்லாம் ஆண் பூக்கள். "பூக்கிறது, காய்க்கவில்லையே" என்று அவசரப்பட்டுக் கொடியைப் பிடுங்கியவர்கள் அநேகம் பேர். பொறுத்தால் அடியில் பிஞ்சோடு பெண் பூ வரும். பீர்க்கம் பூ மாலையில்தான் மலரும். ஆபீஸ் விட்டு வருகிறவர்களுக்கு இது எவ்வளவு சௌகரியம்! தேனீ வராத மாடியாக இருந்தால், ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட்டால் போதும். நாலு நாளில் பிஞ்சு நீண்டால், நாள் முழுதும் பட்ட அலுப்பு மறந்துபோகும்.

மறைத்தால் பரவும்

தண்ணீருக்கு அடுத்த கஷ்டம் பூச்சி. கத்தரியிலும் செம்பருத்தியிலும் வெள்ளை மாவு பூசினாற்போல மாவுப்பூச்சி வரும். எறும்புகள் அதைச் சுமந்துகொண்டு போய்ச் செடிக்குச் செடி குடிவைக்கும். காற்றும் குஞ்சுகளைக் கொண்டுபோகும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகி, காயும் வெளுத்துப்போகும் தேமல் நோய் வருவதுண்டு. அதைப் பரப்புவது வெள்ளை ஈ. அந்த நோய் வந்த செடிக்கு மருந்தில்லை; பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் வழி.

மாவுப்பூச்சிக்கு ஆரம்பத்திலேயே கைவைத்தியம் உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி வேப்பெண்ணெயும், அது கலப்பதற்குச் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளிக்க வேண்டும். வாரம் ஒரு முறையாக மூன்று வாரம் தெளித்தால் கட்டுப்படும்.

கவனியுங்கள்: என் மாடியில் வந்த பூச்சிக்குக் கைப்பிடிச் சுவர் ஒரு எல்லையே அல்ல. நான் வெட்கப்பட்டு மறைத்த வாரத்தில் அது நாலு வீடு தாண்டிப் போய்விடும். அன்றைக்கே சொல்லியிருந்தால் நாலு வீட்டிலும் ஒரே மாலையில் மருந்து தெளித்திருக்கலாம். கஷ்டத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது வெறும் தர்மோபதேசம் அல்ல. அப்படிச் செய்யாவிட்டால் தோட்டமே தங்காது.

கோயம்பேடு மூடிய நாள்

"கீரைக்கட்டு கடையில் கிடைக்கிறது. இதற்கு ஏன் இத்தனை பாடு?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பணக் கணக்குப் பார்த்தால் தோட்டத்துக்குத் தோல்விதான். என் கத்தரிக்காய்க் கணக்கை முன்பே சொல்லிவிட்டேன்.

ஆனால் 2020-ம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனா பரவியதால் மே 5-ம் தேதி கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போயிற்று. எங்கள் தெருக் கடையில் சில நாள் வெங்காயமும் உருளைக்கிழங்கும் தவிர வேறொன்றும் இல்லை. அந்த நாட்களில் ஒரு வீட்டிலிருந்து முருங்கைக்கீரை வந்தது. ஒரு வீட்டிலிருந்து பாகற்காய் வந்தது. என் வீட்டிலிருந்து தண்டுக்கீரை போயிற்று. யாரும் யாரையும் நெருங்காமல், கேட்டில் பையை மாட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். முகம் பார்க்க முடியாத காலத்திலும் மனிதர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பைகள் சொல்லின. எந்தக் கடையில் அதை விலைக்கு வாங்க முடியும்?

உலகத்திலும் இதற்கு உதாரணம் உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின்போது, 1943-ம் ஆண்டில், அமெரிக்காவில் சுமார் இரண்டு கோடி வீட்டுத் தோட்டங்கள் இருந்தன. அந்நாட்டுக் காய்கறியில் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு அவற்றில் விளைந்ததாகச் சொல்வார்கள். நம் நாட்டில் 1965-ல் யுத்தமும் உணவுப் பஞ்சமும் சேர்ந்து வந்தபோது, வீடுதோறும் காய்கறி பயிரிடச் சொன்ன பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, தாம் குடியிருந்த பங்களாவின் புல்தரையிலேயே பயிரிட்டுக் காட்டினார். யுத்தம் முடிந்ததும் அமெரிக்கத் தோட்டங்களில் பெரும்பாலானவை மறைந்துபோயின. நமக்கு அப்படியல்ல. கோடை என்ற யுத்தம் வருஷா வருஷம் வருகிறது.

அரசாங்கமும் தன் பங்குக்குச் செய்திருக்கிறது. 2013-ம் ஆண்டில் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டத்தில் மாடித் தோட்டத்துக்கான பை, விதை, உரம் எல்லாம் மானிய விலையில் கிடைத்தன. ஆனால் பையைக் கொடுக்கத்தான் அரசாங்கத்தால் முடியும். அரிசி கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து வைக்க அரசாங்கம் நம் அடுக்களைக்கு வர முடியாது.

மழைக்குக் கொடுக்க வேண்டிய கடன்

கடைசியாக ஒன்று. கோடைத் தண்ணீர் கோடையில் உண்டாவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூமிக்குள் போனதைத்தான் சித்திரையில் எடுக்கிறோம். சென்னையில் ஆண்டுக்குச் சராசரி 1,400 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் மட்டும் ஒரு வருஷத்தில் விழும் தண்ணீர் சுமார் 1,30,000 லிட்டர். பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரிகளில் ஏற்றினால் பத்து லாரிக்கு மேல் வரும். அத்தனையும் உங்கள் தலைக்கு மேல் இலவசமாக வந்து இறங்குகிறது!

மழைநீர் சேகரிப்பு 2003-ம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. குழாயும் குழியும் பல வீடுகளில் இருக்கின்றன. ஆனால் குழியில் மண் தூர்ந்து, குழாய் வாயில் இலை அடைத்து, மழைநீர் பழையபடி தெருவுக்கே ஓடுகிறது. என் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. 2019-க்குப் பிறகுதான் குழியைத் தோண்டிக் கல்லையும் மணலையும் கழுவிப் போட்டேன். புரட்டாசிக்குள் அந்தக் குழியைச் சுத்தம் செய்யாதவர், அடுத்த சித்திரையில் செடிக்குத் தண்ணீர் இல்லை என்று புலம்பக் கூடாது. ஏரிக்கரையில் குப்பையைக் கொட்டிவிட்டு மாடியில் ரோஜா வளர்ப்பதும் அப்படித்தான்.

கோடையில் வீட்டுத் தோட்டமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேண்டும், தெருவெல்லாம் வேண்டும். ஆனால் ஊர் குடத்தோடு நிற்கும்போது அதற்குப் புதுத் தண்ணீர் கூடாது. ஒரு முறை பயன்பட்ட தண்ணீரே செடிக்குப் போக வேண்டும். அதற்கு எத்தனை செடி தாங்குமோ அத்தனை செடி போதும். முப்பது பை வைத்து ஊரின் ஊற்றை இழுப்பதை விட, பதினைந்து பை வைத்து நிம்மதியாகத் தூங்குவது மேல்.

இப்போதெல்லாம் ஆயா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரின் மேல் காலையில் ஒரு சின்ன வாளி இருக்கும். அதில் அவர் வீட்டு அரிசி கழுவிய தண்ணீர். மாலையில் அதே வாளி ஒரு பிடி கீரையோடு திரும்பிப் போகும். கீரை இல்லாத நாளில் வெறும் வாளியும் போகும். அதற்கு ஆயா ஒன்றும் சொல்வதில்லை. "வெயிலு தம்பி, அது என்ன பண்ணும்?" என்பார்.

வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் வீட்டு அடுக்களையில் கழுவி ஊற்றும் தண்ணீரை இன்று ஒரு நாள் வாளியில் பிடித்து அளந்து பாருங்கள். அந்த அளவுக்குச் செடி வையுங்கள். பிறகு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, காய்த்த செடியைப் பற்றி மட்டுமல்ல, பட்டுப்போன செடியைப் பற்றியும் சொல்லுங்கள்.